பால் கணக்கும் கணினிக் கல்வியும்

தோட்டத் தொழில் கணக்கில் தொடங்கிக் கணக்கில் முடிவதாகும். விடியற்காலைப் பிரட்டில் பெயர்ப் பதிவு. நண்பகலில் பால் நிறுவை. மாத முடிவில் சம்பளச் சீட்டு. இம்மூன்றுக்கும் இடையே நம் உழைப்பைப் பற்றி எழுதப்படும் எண்கள் பலப்பல. ஆயினும், எண்களை எழுதுவது கிராணியாரின் வேலை, அவற்றை ஆராய்வது நிருவாகத்தின் வேலை, மரம் சீவுவது மட்டுமே நம் வேலை என்று நம்மில் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணம் இனியும் நீடிக்க வேண்டியதில்லை.

எண்களையும் விவரங்களையும் திரட்டி, ஒழுங்குபடுத்தி, அவற்றிலிருந்து உண்மையைக் கண்டறிவதற்குத் ‘தரவுப் பகுப்பாய்வு’ என்று பெயர். இவ்வேலையைக் கணினி செய்வதற்காக அதற்குப் புரியும் மொழியில் கட்டளைகளை வரிசையாக எழுதுவதற்கு ‘நிரலாக்கம்’ என்று பெயர். பல்கலைக்கழகம் சென்றவர்களுக்கே உரியது என ஒரு காலத்தில் கருதப்பட்ட இக்கல்வி, இன்று இணையத்தின் வழியாகத் தோட்ட வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. இதனை அறவே அறியாத ஒருவர் எங்கே தொடங்குவது, எவ்வாறு தொடர்வது, எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்கா மண்ணும் எடைக் கணக்கும்

நம் மலாக்கா மாநிலத்திற்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நெடியது. 1896 ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிக நோக்கத்துடன் ரப்பர் பயிரிடப்பட்டது அங்கேதான் முதன்முதலில் என்பர். அதன் பிறகு புக்கிட் ஆசாஹானில் அவரது பயிர் பெருந்தோட்டமாக விரிந்தது.

டான் சாய் யானுக்கு ஊக்கமூட்டியவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி ஆவார். மரத்தைக் கொத்திக் காயப்படுத்திப் பால் எடுக்கும் பழைய முறைக்கு மாற்றாக, பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டை நாள்தோறும் புதுப்பிக்கும் முறையை 1890 ஆம் ஆண்டுகளில் உருவாக்கியவர் அவரே. ஒரே மரத்தைப் பல முறை சீவிப் பார்த்து, விளைவைக் குறித்து வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டதால் அம்முறை பிறந்தது. இன்று நம் கைக்குப் பழகிவிட்ட தொழில், அன்று ஓர் ஏட்டில் எழுதப்பட்ட எண்களிலிருந்து வந்தது.

1925 இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்ட பின் இந்த எடைக் கணக்கு மேலும் வளர்ந்தது. தோட்ட மக்கள் நன்கறிந்த ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மர வகை, 1937 இல் இரண்டு மர வகைகளைக் கலந்து உருவாக்கப்பட்டதாகும். கலந்து பிறந்த மரங்கள் எல்லாமே சிறந்தவையாக இருந்துவிடவில்லை. பல ஆண்டுகள் பால் நிறுத்து, எழுதி, ஒப்பிட்ட பிறகே இன்னது சிறந்தது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. ஆகவே தரவுப் பகுப்பாய்வு என்பது நமக்கு அயலான ஒன்றன்று. நாம் நிறுத்துக் கொடுத்த பாலின் எண்கள்தாம் அதற்கு உணவாக இருந்து வந்துள்ளன. அவ்வெண்களை நாமே வாசிக்கக் கற்பதே இப்போது நமக்கு எஞ்சியிருக்கும் பணி.

சீட்டுகளைக் கொண்டு தொடங்கும் பாடம்

எண்களை ஆராயும் இம்முறையைக் கணினியைத் தொடாமலேயே கற்பிக்கத் தொடங்கும் ஒரு பாடத்திட்டம் சென்னையில் உண்டு. 2020 ஆம் ஆண்டில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், நிரலாக்கமும் தரவு அறிவியலும் என்ற பட்டக் கல்வியை இணையத்தின் வழி தொடங்கியது. அக்கழகத்தின் மற்றப் பொறியியல் படிப்புகளுக்குரிய கடுமையான நுழைவுத் தேர்வு இதற்கு இல்லை. விண்ணப்பித்தவர்கள் நான்கு வாரப் பாடங்களைப் படித்து, வாரந்தோறும் பயிற்சிகளைச் செய்து, பின்னர் ஒரு தகுதித் தேர்வை நேரில் எழுதித் தேற வேண்டும். அடிப்படை நிலை, பட்டய நிலை, பட்ட நிலை எனப் படிப்படியாகச் செல்லும் இப்படிப்பில், தம்மால் இயன்ற படியோடு நின்று சான்றிதழ் பெற்றுக்கொள்ளவும் வழி உண்டு. இது கட்டணம் செலுத்திப் படிக்கும் படிப்பாகும்.

இதன் தொடக்கப் பாடங்களுள் ஒன்று ‘கணிப்பு முறைச் சிந்தனை’ பற்றியது. பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், ஜி. வெங்கடேஷ் ஆகிய இருவரும் இப்பாடத்தில் கையில் சீட்டுகளை வைத்துக்கொண்டு கற்பிக்கின்றனர். மாணவர் மதிப்பெண், கடைச் சிட்டை, ஒரு பத்தியில் உள்ள சொற்கள் ஆகியவை அச்சீட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எண்ணி, பிரித்து, ஒப்பிட்டு விடை காண்பதே பயிற்சி. கட்டளை எழுதுவது அதற்குப் பின்னரே வருகிறது.

இம்முறையை நாம் நம் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பழைய நாட்காட்டி அட்டையை வெட்டி முப்பது சீட்டுகள் செய்துகொள்ளுங்கள். ஒரு மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு. அதில் தேதி, நிறுத்த பாலின் எடை, மழை பெய்ததா இல்லையா, சீவத் தொடங்கிய நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். மிக அதிகமாகப் பால் கிடைத்த நாள் எது? முதல் சீட்டை இடக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டை வலக் கையில் எடுங்கள். அதன் எடை அதிகமாயின் அது இடக் கைக்கு மாற வேண்டும். குறைவாயின் கீழே வைத்துவிடலாம். சீட்டுகள் தீரும்வரை இவ்வாறே செய்தால், கடைசியில் இடக் கையில் இருப்பதே விடை.

உலகின் மிகப் பெரிய கணினியும் ‘மிகப் பெரிய எண் எது’ என்ற கேள்விக்கு அடிப்படையில் இவ்வழியையே பின்பற்றுகிறது. முப்பது சீட்டுக்கு நமக்கு ஐந்து நிமிடம் ஆகும். முப்பதாயிரம் சீட்டுக்கு அதற்குக் கண் இமைக்கும் நேரம் போதும். வேகம் அதனுடையது, வழி சொல்லும் அறிவு நம்முடையது.

கணினிக்குக் கட்டளை எழுதுவது எவ்வாறு?

கணினி மொழிகள் பல உள்ளன. தரவுப் பகுப்பாய்வுக்குப் புதிதாக வருவோர் பெரும்பாலும் கற்பது ‘பைத்தன்’ என்ற மொழி. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் இதனை உருவாக்கி 1991 இல் வெளியிட்டார். பெயரைக் கேட்டு மலைப்பாம்போ என அஞ்ச வேண்டாம்; பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரிலிருந்து அவர் அதை எடுத்தார். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் அறிஞர் இருவர் உருவாக்கிய ‘ஆர்’ என்ற மொழியும் இதற்குப் பயன்படுகிறது. தொடக்கத்தில் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்பது நலம்.

பைத்தனில் எழுதிய ஒரு சிறு நிரல் இதோ:

பால் = 24
விழுக்காடு = 35
காய்ந்தது = பால் * விழுக்காடு / 100
காய்ந்தது

இது விளக்கத்திற்காக நாம் தமிழாக்கிக் கொடுத்ததன்று. கணினியில் இவ்வாறே எழுதினால் வேலை செய்யும். பைத்தனின் மூன்றாம் பதிப்பு 2008 இல் வெளிவந்தது முதல், நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத இயலும். முதல் வரி, 24 என்ற எண்ணுக்குப் ‘பால்’ என்று பெயரிடுகிறது. இரண்டாம் வரி, அப்பாலில் காய்ந்த ரப்பரின் பங்கு 100 க்கு 35 என்கிறது. மூன்றாம் வரி, இரண்டையும் பெருக்கி நூறால் வகுக்கச் சொல்கிறது. உடுக்குறி பெருக்கலையும், சாய்கோடு வகுத்தலையும் குறிக்கும். ‘கூகல் கோலேப்’ போன்ற இணையக் குறிப்பேட்டில் இந்நான்கு வரிகளை இட்டு இயக்கினால் 8.4 என்ற விடை வரும். 24 கிலோ பாலில் 8.4 கிலோ காய்ந்த ரப்பர் உள்ளது என்பது பொருள். பால் கொட்டகையில் கிராணியார் போடும் கணக்கும் இதுவே.

இதற்கு மேல் தொடக்க நிலையில் கற்க வேண்டியவை மூன்று கருத்துகளே. முதலாவது, திரும்பச் செய்தல்: முப்பது நாளுக்கும் இதே கணக்கைச் செய் என ஒரே கட்டளையில் கூறுவது. இரண்டாவது, நிபந்தனை: மழை பெய்த நாள் எனில் தனியே வை, இல்லையெனில் இங்கே வை எனப் பிரிக்கச் செய்வது. மூன்றாவது, தொகுத்தல்: வாரவாரியாகவும் நிரை வாரியாகவும் கூட்டிக் காட்டச் சொல்வது. நாம் சீட்டுகளை வைத்துச் செய்தவையும் இவைதாம்.

ஆங்கிலம் தடையாகுமா?

‘எனக்கு ஆங்கிலம் வராது, எனக்கு இது எட்டாது’ என்று கூறுவோர் உளர். இதைப் பற்றி ஒளிவின்றிக் கூறிவிடுவது நல்லது. பைத்தன் மொழி தனக்கென ஒதுக்கி வைத்துள்ள ஆங்கிலச் சொற்கள் 35 மட்டுமே. இவற்றுடன் அடிக்கடி பயன்படும் வேறு சில சொற்களும் உண்டு. 247 எழுத்துகள் கொண்ட தமிழ் நெடுங்கணக்கைப் பாலர் வகுப்பில் கற்றுத் தேர்ந்த நமக்கு இச்சுமை பெரிதன்று. ஆனால், பிழை நேர்ந்தால் கணினி காட்டும் செய்தியும், உயர்நிலைப் பாடங்களும் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆகவே, கருத்தைத் தமிழில் கற்றுக்கொண்டு, சொற்களை ஆங்கிலத்தில் மெல்ல மெல்லப் பழகுவதே ஏற்ற வழி. பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ அருகில் இருந்தால், இருவரும் ஒருங்கே கற்கலாம். பெற்றோர்க்குத் தோட்டக் கணக்குத் தெரியும், பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் தெரியும்.

கணக்கில் உள்ள குழிகள்

கட்டளை எழுதத் தெரிந்துவிட்டால் மட்டும் தரவுப் பகுப்பாய்வு வந்துவிடாது. எண்களுக்குள் மறைந்துள்ள குழிகளை அறிதல் வேண்டும். தோட்டத்தில் வேலை செய்த அனுபவம் இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

ஒருவர் ஆறு நாளில் கொடுத்த பாலின் எடை முறையே 24, 26, மழை, 22, மழை, 28 கிலோ என வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 கிலோ. மழை நாள்களைச் சுழியம் என எழுதி ஆறால் வகுத்தால், நாளொன்றுக்குச் சராசரி 16.7 கிலோ. மழை நாள்களை வெற்றிடமாக விட்டு, சீவிய நான்கு நாளால் வகுத்தால் சராசரி 25 கிலோ. இரண்டும் தவறற்ற வகுத்தலே. ஆனால் அவை விடையளிக்கும் கேள்விகள் வெவ்வேறு. அவ்வாரத்தில் தோட்டத்திற்குக் கிடைத்தது எவ்வளவு என்பதற்கு முதல் எண் பொருந்தும். அவர் சீவும் திறன் என்ன என்பதற்கு இரண்டாம் எண்ணே பொருந்தும். முதல் எண்ணைக் காட்டி ‘இவர் வேலையில் பின்தங்கியவர்’ என்று ஒருவர் கூறினால், அது கணக்கின் பெயரால் இழைக்கப்படும் அநீதியாகும். கணினி இதைக் கண்டுபிடிக்காது. மழையில் மரம் சீவ முடியாது என்பது அதற்குத் தெரியாது; நமக்குத் தெரியும்.

மற்றொன்று. திங்கட்கிழமை 20 கிலோ பால், காய்ந்த ரப்பர் 40 விழுக்காடு. செவ்வாய்க்கிழமை 10 கிலோ பால், 30 விழுக்காடு. இரு நாளுக்கும் சேர்த்துக் காய்ந்த ரப்பர் எவ்வளவு? 40 க்கும் 30 க்கும் சராசரி 35 என எடுத்து, மொத்தம் 30 கிலோவோடு பெருக்கினால் 10.5 கிலோ வருகிறது. நாள்வாரியாகக் கணக்கிட்டால் 8 கிலோவும் 3 கிலோவும் சேர்ந்து 11 கிலோ வருகிறது. பின்னதே சரி. விழுக்காடுகளை அவ்வாறே கூட்டிச் சராசரி எடுக்கலாகாது. எடைக்குரிய மதிப்பை அதற்குத் தர வேண்டும். முதல் முறையில் அரைக் கிலோ ரப்பர் காற்றில் கரைந்துவிடுகிறது. ஓர் ஆளுக்கு, இரு நாளில் அரைக் கிலோ. ஒரு பிரிவு முழுமைக்கும், ஓர் ஆண்டுக்கும் என எண்ணிப் பாருங்கள். தன் கூலிக் கணக்கைத் தானே சரிபார்க்கத் தெரிந்தவர், ஐயம் எழும்போது சினத்தோடு பேச வேண்டியதில்லை. ஏட்டைத் திறந்து காட்டிப் பேசலாம்.

எங்கே கற்பது?

தமிழிலேயே தொடங்க விரும்புவோர்க்கு இரு வாயில்கள் உள்ளன. ஒன்று, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ என்னும் குரல்வழிப் பாடத்திட்டம். திரையில் செய்து காட்டிக்கொண்டே விளக்கும் சிறு சிறு பாடங்கள் இவை. பைத்தன் உட்படப் பல பாடங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கப்பட்டுள்ளது. மற்றொன்று, தமிழ்நாட்டுத் தன்னார்வலர்கள் 2012 முதல் நடத்திவரும் ‘கணியம்’ மின்னிதழ். கணினித் துறைபற்றி எளிய தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகளும் மின்னூல்களும் அங்கே விலையின்றிக் கிடைக்கின்றன.

ஆங்கிலத்தில் ஓரளவு பழக்கமுள்ளவர்கள், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் செவரன்சின் ‘அனைவருக்கும் பைத்தன்’ என்ற பாடத்தைப் பின்பற்றலாம். முன்னறிவு ஏதும் இல்லாதவர்களுக்காகவே அமைக்கப்பட்ட பாடம் இது. பாடநூலும் விரிவுரைகளும் இலவசம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் இணைந்து 2003 இல் தொடங்கிய ‘என்பிடெல்’ திட்டத்தின் விரிவுரைகளையும் கட்டணமின்றிக் காணலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம். ‘கெகல்’ என்ற தளத்தில் உள்ள பாடங்கள் எழுத்து வடிவில் இருப்பதால், கைப்பேசியின் இணைய ஒதுக்கீடு விரைவில் தீர்ந்துவிடும் என்ற கவலை குறைவு.

நம் நாட்டில், செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்பதைப் பொதுமக்களுக்கு விளக்கும் ‘ஏஐ உந்தோக் ரக்யாட்’ என்ற இணையப் பாடம் 2024 ஜனவரியில் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கப்பட்டது. இது நிரலாக்கத்தைக் கற்பிப்பதன்று. எனினும், இணையப் பாடம் ஒன்றை முதன்முறையாகத் தொடங்கி முடித்துப் பழக ஏற்றது.

கணினி இல்லாத குடும்பங்கள் மனந்தளர வேண்டா. இணையக் குறிப்பேட்டைக் கைப்பேசியிலேயே திறந்து முதல் சில பாடங்களைச் செய்ய முடியும். ஆனால் சிறு திரையில் நீண்ட நிரலை எழுதுவது கடினம். அருகில் ‘நாடி’ எனப்படும் சமூக இணைய மையம் இருப்பின், அங்குள்ள கணினிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அலோர் காஜாவுக்கோ ஜாசினுக்கோ வாரம் ஒரு முறை கடைக்குச் செல்பவர், அம்மையத்தில் ஒரு மணி நேரத்தைச் செலவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர்

இணையப் பாடங்களின் பெருங்குறை ஒன்றை மறைக்காமல் கூறியாக வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் தம் முதல் 17 இணையப் பாடங்களைப் பற்றி 2014 இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பதிவுகள் 841,687, சான்றிதழ் பெற்றவை 43,196. நூற்றுக்கு ஐந்துதான்! பதிவு செய்தவர் எல்லாரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர் அல்லர் என்பதும் உண்மையே. எனினும், இலவசமாகக் கிடைக்கும் கல்வி எளிதில் கைவிடப்படுவதும் உண்மை. வருகைப் பதிவு இல்லை. ஆசிரியர் கண்டிப்பு இல்லை. பக்கத்து இருக்கைத் தோழர் இல்லை. விடியலுக்கு முன் எழுந்து மரம் சீவித் திரும்பியவருக்கு மாலையில் கண் சொருகுவது இயல்பு.

இதற்கு நாம் கூறும் வழி மூன்று. முதலாவதாக, தனியே கற்காதீர்கள். அண்டை வீட்டார் மூன்று நான்கு பேர் சேர்ந்து, வாரத்தில் ஒரு நாள், தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ ஒன்றுகூடுங்கள். இரண்டாவதாக, ஒரே பாடத்தைப் பிடித்து முடியுங்கள். ஒன்றில் மூன்றாம் பாடம், மற்றொன்றில் இரண்டாம் பாடம் எனத் தாவுவது, மரத்துக்கு மரம் ஒரு சீவு சீவிவிட்டு ஓடுவதை ஒக்கும். மங்கில் பால் நிறையாது. மூன்றாவதாக, உங்களுக்கென ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். ‘தாமதமாகத் தொடங்கிய நாளில் எனக்கு எவ்வளவு பால் குறைகிறது?’ என்பது ஒரு நல்ல கேள்வி. வெயில் ஏற ஏற மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பதை நாம் அறிவோம். எவ்வளவு குறையும் என்பதை நம் ஏடே கூறும்.

வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எனப் பன்னிரண்டு வாரம் ஒதுக்கினால் 60 மணி நேரம் ஆகிறது. அதை இவ்வாறு பகுத்துக்கொள்ளலாம்.

முதல் இரு வாரம்: நோட்டுப் புத்தகமும் சீட்டுகளும். எடையை எழுதுதல், கூட்டுதல், பிரித்தல், சராசரி காணுதல்.

3 முதல் 6 ஆம் வாரம் வரை: பைத்தனின் அடிப்படை. பெயரிடுதல், திரும்பச் செய்தல், நிபந்தனை. ஒவ்வொரு பாடத்தையும் பார்த்த பிறகு, பாராமல் ஒரு முறை எழுதிப் பார்த்தல் வேண்டும். பிழை வந்தால் அஞ்சற்க. பிழைச் செய்தியில் எந்த வரியில் தவறு என்ற எண் இருக்கும், அங்கிருந்து தேடுக.

7 முதல் 9 ஆம் வாரம் வரை: அட்டவணைகளைக் கையாளுதல். இதற்கெனப் பைத்தனில் ‘பாண்டாஸ்’ என்ற துணைக்கருவி உண்டு. வெஸ் மெக்கின்னி என்பவர் 2008 இல் அதனை உருவாக்கத் தொடங்கினார். ஆயிரம் வரி கொண்ட செக்ரோலையும் சில கட்டளைகளில் தொகுத்துக் காட்ட வல்லது.

10 முதல் 12 ஆம் வாரம் வரை: சொந்தக் கேள்விக்கு விடை காணுதல். தம் ஏடு போதாது எனில், மலேசியப் புள்ளிவிவரத் துறை பொதுமக்களுக்குத் திறந்து வைத்துள்ள விவரங்களைப் பயன்படுத்தலாம். நாட்டின் ரப்பர் உற்பத்தி பற்றிய மாதாந்தரப் புள்ளிவிவரங்களையும் அத்துறை வெளியிடுகிறது.

எதை எதிர்பார்க்கலாம்? எதை எதிர்பார்க்கலாகாது?

பன்னிரண்டு வாரம் படித்தவுடன் நகரத்து அலுவலகத்தில் வேலை காத்திருக்கும் என்று யாரேனும் கூறினால் நம்பற்க. ‘மூன்றே மாதத்தில் வேலை உறுதி, முன்பணம் கட்டுக’ எனக் கைப்பேசியில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஏமாற்று வேலைகள். பணம் பறிபோய்விட்டால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். தொடக்க நிலையைக் கற்கப் பணம் தேவையில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

‘இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதே, நாம் ஏன் கற்க வேண்டும்?’ என்ற கேள்வியும் எழக்கூடும். அது எழுதித் தருவது உண்மையே. ஆனால் மேலே கண்ட மழை நாளை அது சுழியமாக எடுத்துக்கொண்டதா, வெற்றிடமாக எடுத்துக்கொண்டதா என்று கேட்கத் தெரிந்தவர்க்கே அது நல்ல வேலைக்காரன். கேட்கத் தெரியாதவர், பிறர் போட்ட கணக்கை ஏற்றுக்கொண்ட பழைய நிலையிலேயே இருப்பார்.

எதிர்பார்க்கக் கூடியவை வேறு. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அடுத்தது என்ன எனத் திகைத்து நிற்கும் பிள்ளைக்கு, இத்துறை தனக்கு ஏற்றதா என்பதைச் செலவின்றி அறிந்துகொள்ளும் வாய்ப்பு கிடைக்கிறது. ஏற்றது எனக் கண்டால், மேற்கல்விக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. துரியான் துங்காலில் மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், புக்கிட் பெருவாங்கில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே உள்ளன. கிராணி வேலையிலோ கடைக் கணக்கிலோ ஈடுபட்டிருப்பவர்க்கு, மணிக்கணக்கில் செய்யும் கூட்டல் வேலை நிமிடங்களில் முடியும். கூட்டுறவுக் கழகத்திலும் ஆலயக் குழுவிலும் பொறுப்பேற்றிருப்போர் வரவு செலவைத் தெளிவாகக் காட்ட இயலும். மரம் சீவுவோர்க்குத் தம் உழைப்பின் அளவு தமக்கே தெரியவரும்.

இக்கல்விக்கு முதற்படி கணினி வாங்குவதன்று. இரண்டு வெள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, தேதி, எடை, விழுக்காடு, மழை, நேரம் என ஐந்து கட்டங்கள் வரையுங்கள். நாளைப் பால் நிறுத்தவுடன் முதல் வரியை எழுதுங்கள். ஒரு மாதம் முடியும்போது உங்களிடம் முப்பது வரிகள் இருக்கும். ஆராய்ச்சிக் கழகத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் தம் ஆய்வைத் தொடங்குவது இத்தகைய வரிகளிலிருந்தே. அவற்றை எழுதியவரும் நீங்கள், அவற்றின் பொருளை அறிந்தவரும் நீங்கள் என்ற நிலை நம் தோட்டங்களில் உருவாகட்டும்.